மார்பை எடுத்துவிட்டால் பயமும் போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 47. இடது மார்பில் கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அளவு 1.8 சென்டிமீட்டர். ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் என்று ரிப்போர்ட் சொல்கிறது. அக்குள் ஸ்கேனில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. சர்ஜன், "ஆரம்ப நிலைதான். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுக்கலாம், இல்லையென்றால் மார்பையே எடுத்துவிடலாம். இரண்டும் ஒன்றுதான், யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். டாக்டருக்கே தெரியாததை நான் எப்படி முடிவு செய்வேன்? அக்கா, "உயிரை விடவா மார்பு பெரிசு? ரெண்டையும் எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்கிறாள். கணவர் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எனக்கு ரேடியேஷன் என்றாலே நடுக்கம். மார்பை எடுத்துவிட்டால் ரேடியேஷனும் வேண்டாம், கீமோவும் வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? யோசிக்க நேரம் கேட்டால் அதற்குள் பரவிவிடுமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயம் அடங்காமல் மற்றது எதுவும் மனதில் ஏறாது. யோசிக்க நேரம் கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். 1.8 சென்டிமீட்டர் கட்டி நேற்று முளைத்தது இல்லை. இந்த அளவுக்கு வளர அதற்குப் பெரும்பாலும் வருடக்கணக்கில் ஆகியிருக்கும். இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு, பாக்கியிருக்கும் பரிசோதனைகளை முடித்து, மனமிருந்தால் இன்னொரு மருத்துவரையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதால் உங்கள் நிலைமை மோசமாகிவிடாது. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால்தான் ஆபத்து. "நாளைக்கே எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று பயத்தில் சொல்லிவிட்டு, காயம் ஆறிய பிறகு "கொஞ்சம் விசாரித்திருக்கலாமே" என்று வருந்துகிற பெண்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களில் பலருக்கு எந்த ஆபரேஷன் நடந்தது என்பதைவிட, எதுவும் புரியாமல் தலையாட்டிவிட்டோமே என்பதுதான் உறுத்துகிறது.

அடுத்து, உங்கள் சர்ஜன் சொன்ன "இரண்டும் ஒன்றுதான்". அவர் தெரியாமல் சொல்லவில்லை. புற்றுநோய் மருத்துவத்தில் இவ்வளவு உறுதியாகத் தெரிந்த விஷயங்கள் குறைவு. சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும், மார்பை முழுதாக எடுத்தாலும், உங்கள் ஆயுளில் அதனால் வித்தியாசம் வருவதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் இரண்டும் ஒன்று. குணமாக ஆகும் நாட்கள், உடம்பின் உணர்ச்சி, கண்ணாடியில் பார்க்கும்போது தெரியும் உருவம், இனி வரும் வருடங்களில் செய்ய வேண்டிய பரிசோதனைகள், மனதில் தங்கும் கவலை எல்லாவற்றிலும் இரண்டும் வேறு வேறு. அந்த வேறுபாடுகளில் எது உங்களுக்குப் பெரிது, எது சிறிது என்பது சர்ஜனுக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் கேட்டிருக்கிறார்.

ஆயுள் மாறாது என்பது சும்மா ஆறுதலுக்குச் சொல்வது இல்லை. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க சர்ஜன், மார்பு, அதன் அடியில் உள்ள நெஞ்சுத் தசைகள், அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் பெரிய ஆபரேஷனைப் பரப்பினார். புற்றுநோய் ஒரு இடத்தில் தொடங்கி அடுத்தடுத்த இடத்துக்குப் படிப்படியாக நகர்கிறது, ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது அவர் கணக்கு. ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு உலகம் அதையே நம்பியது. பெர்னார்ட் ஃபிஷர் என்ற இன்னொரு அமெரிக்க சர்ஜன் அந்தக் கணக்கைச் சந்தேகப்பட்டார். கட்டியிலிருந்து செல்கள் வெளியேறுவதென்றால் ரத்தத்தின் வழியாக ஆரம்பத்திலேயே வெளியேறியிருக்கும், மார்பை எவ்வளவு வெட்டினாலும் அவற்றைப் பிடிக்க முடியாது என்றார். 1976-ல் அவர் தொடங்கிய ஆய்வில் 1,851 பெண்கள் சேர்ந்தார்கள். சிலருக்கு மார்பு முழுதும் எடுக்கப்பட்டது, சிலருக்குக் கட்டி மட்டும், சிலருக்குக் கட்டியை எடுத்துவிட்டு ரேடியேஷனும். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில்தான் தீர்மானித்தார்கள். அதற்கும் சற்று முன்பே, 1973-ல், இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்ட்டோ வெரோனேசி என்ற சர்ஜன் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். அவர் ஆய்வில் 701 பெண்கள். எல்லோருக்கும் உங்களுடையதைப் போலவே 2 சென்டிமீட்டருக்குள் அடங்கும் கட்டி. இரண்டு குழுவும் 20 வருடம் அந்தப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2002-ல் முடிவுகளை வெளியிட்டன. முழுதாக எடுத்தவர்களும் பகுதியாக எடுத்தவர்களும் வாழ்ந்த காலத்தில் வித்தியாசம் இல்லை. இரண்டு நாடு, இரண்டு குழு, ஒரே விடை. "உயிரை விடவா மார்பு பெரிசு?" என்று அக்கா கேட்பது அன்பினால்தான். ஆனால் உயிரா மார்பா என்ற நிலைமையில் நீங்கள் இல்லை.

இந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு யோசனை சொல்வது நேர்மையாகாது. மார்பை வைத்துக்கொண்டால் அதே மார்பில் நோய் திரும்பி வர வாய்ப்பு கொஞ்சம் இருக்கிறது. மிலான் ஆய்வில் 20 வருடத்தில் மார்பைக் காத்துக்கொண்டவர்களில் 8.8 சதவீதம் பேருக்கு அதே பக்கம் மறுபடி வந்தது. முழுதாக எடுத்தவர்களில் 2.3 சதவீதம். ஃபிஷரின் ஆய்வில் கட்டியை எடுத்து ரேடியேஷனும் பெற்றவர்களில் 14.3 சதவீதம், ரேடியேஷன் இல்லாமல் விட்டவர்களில் 39.2 சதவீதம். இந்தக் கடைசி இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டியை மட்டும் எடுப்பது என்றால் உங்கள் வயதில் ரேடியேஷனும் சேர்ந்ததுதான் சிகிச்சை. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

இவை அந்தக் காலத்து எண்கள். இன்றைக்கு இருக்கிற ஸ்கேன், மருந்து, ரேடியேஷன் வசதியோடு பார்த்தால், உங்களைப் போன்ற ஹார்மோன் பாசிட்டிவ் கட்டிக்கு, அதாவது உடம்பின் ஹார்மோனால் தூண்டப்பட்டு வளரும் கட்டிக்கு, இந்த வாய்ப்பு இன்னும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அப்படியே மார்பில் திரும்பி வந்தாலும், அப்போது மார்பை எடுத்து மறுபடி சிகிச்சை செய்ய வழி இருக்கிறது. முழுதாக எடுத்த பிறகும் தழும்பிலோ நெஞ்சுத் தோலிலோ வரக்கூடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "எடுத்துவிட்டால் இனி வரவே வராது" என்ற உறுதியை எந்த ஆபரேஷனாலும் தர முடியாது. அந்த உறுதிக்காக மட்டும் மார்பைக் கொடுக்க நினைத்தால், கேட்டது கிடைக்காது.

கீமோ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மார்பை எடுத்தால் கீமோ வேண்டாம் என்பது முழுக்கத் தவறு. இந்த நம்பிக்கையால் தேவையில்லாமல் மார்பை இழந்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். உடம்பின் வேறு எங்காவது கண்ணுக்குத் தெரியாமல் செல்கள் போயிருந்தால் அவற்றைத் தேடிப் போகும் மருந்துதான் கீமோ. அது வேண்டுமா என்பதைக் கட்டியின் குணம், அதன் கிரேடு (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற தரம்), அக்குள் முடிச்சுகளில் நோய் இருக்கிறதா, தேவைப்பட்டால் கட்டியின் மரபணுக்களை ஆராயும் பரிசோதனை எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும். மார்பு இருக்கிறதா இல்லையா என்பதற்கு அதில் பங்கே இல்லை. கட்டியைத் தூண்டும் ஹார்மோனைத் தடுக்கிற ஹார்மோன் மாத்திரையும் அப்படித்தான். உங்கள் ரிப்போர்ட்படி எந்த ஆபரேஷன் செய்துகொண்டாலும் அந்த மாத்திரையைக் குறைந்தது 5 வருடம் சாப்பிடச் சொல்வார்கள்.

ரேடியேஷனிலிருந்து தப்பிப்பது என்பது பாதி உண்மை. உங்கள் கட்டியின் அளவுக்கு, அக்குளும் சுத்தமாக இருந்தால், முழுதாக எடுத்தபின் பெரும்பாலும் ரேடியேஷன் தேவைப்படாது. ஆனால் ஆபரேஷனில் எடுத்துப் பார்க்கும் முடிச்சுகளில் நோய் இருந்தால் மார்பை எடுத்த பிறகும் நெஞ்சுக்கு ரேடியேஷன் கொடுக்க வேண்டி வரலாம். முன்கூட்டியே யாராலும் சத்தியம் செய்து தர முடியாது.

அந்த நடுக்கத்தைப் பற்றியும் பேச வேண்டும். ரேடியேஷன் என்றால் மனதில் எரிவது, முடி கொட்டுவது, வாந்தி என்றெல்லாம் வருகிறது, இல்லையா? தலைமுடி கொட்டுவது கீமோவின் வேலை. மார்புக்குக் கொடுக்கும் ரேடியேஷனில் தலைமுடிக்கு ஒன்றும் ஆகாது. முதலில் ஒரு நாள் ஸ்கேன் எடுத்து, எங்கே எவ்வளவு என்று கணக்குப் போட்டு, தோலில் சின்னச் சின்னப் புள்ளியாக அடையாளம் வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு நாளும் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு மேஜையில் படுத்திருக்க வேண்டும். சில நிமிடம் இயந்திரம் சுற்றும். ஒன்றும் தெரியாது, வலிக்காது. உங்களுக்கு இடது பக்கம் என்பதால், இதயத்தைக் கதிரின் பாதையிலிருந்து விலக்க, மூச்சை நன்றாக இழுத்து நிறுத்தச் சொல்லி அந்த நேரத்தில் கொடுக்கும் முறை உண்டு. "இடது பக்கம், மூச்சு நிறுத்தும் முறையில் கொடுப்பீர்களா?" என்று ரேடியேஷன் டாக்டரிடம் கேளுங்கள். நாள் போகப் போகத் தோல் சிவந்து கறுக்கும், சிலருக்கு உரியும், களைப்பு வரும். முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். மார்பு சற்று இறுகி, அளவு கொஞ்சம் மாறுவதும் உண்டு. வீட்டுக்கு வந்து குழந்தைகளைக் கட்டிக்கொள்ளலாம், உங்கள் உடம்பிலிருந்து எந்தக் கதிரும் வெளிவராது.

முன்பு இது ஐந்தாறு வாரம் ஓடும். இப்போது 15 அல்லது 16 தடவையாக மூன்று வாரத்தில் முடிப்பது வழக்கமாகிவிட்டது. பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2020-ல் வந்தபிறகு, தகுந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 தடவையாகக் கொடுப்பதும் பல இடங்களில் நடக்கிறது. வயது 65, 70 தாண்டியவர்களுக்கு, சிறிய ஹார்மோன் பாசிட்டிவ் கட்டியாக இருந்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால், ரேடியேஷனையே விட்டுவிடலாமா என்று யோசிக்க இடமுண்டு. உங்கள் வயதில் அந்த இடம் இல்லை.

இனி அக்காவின் "ரெண்டையும் எடு". நோயில்லாத மார்பில் புதிதாகப் புற்றுநோய் வருவது நாம் பயப்படும் அளவுக்குச் சுலபமாக நடப்பது இல்லை. மரபணுக் கோளாறு இல்லாத பெண்களில், 10 வருடத்தில் 100 பேரில் சுமார் 4, 5 பேருக்கு வரலாம். நீங்கள் சாப்பிடப்போகும் ஹார்மோன் மாத்திரை அதையும் குறைக்கும். மறுபக்கத்தை எடுத்ததால் இந்தப் பெண்களின் ஆயுள் கூடுவதாகவும் தெரியவில்லை. ஆயுளைத் தீர்மானிப்பது இப்போது வந்திருக்கும் கட்டிதான். இரண்டு பக்கமும் எடுத்தால் ஆபரேஷனின் நேரம், காயம், சிக்கல் எல்லாம் கூடுகிறது. நல்ல மார்பின் உணர்ச்சியும் போகிறது.

ஒரு நிலைமையில் மட்டும் அக்கா சொல்வதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களில் பிறவியிலேயே கோளாறு இருந்தால் கணக்கு மாறுகிறது. முதல் புற்றுநோய்க்குப் பிறகு 20 வருடத்துக்குள் மறு மார்பிலும் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்குச் சுமார் 40 சதவீதம், பிஆர்சிஏ2 உள்ளவர்களுக்குச் சுமார் 26 சதவீதம். கடிதத்தில் குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பகப் புற்றோ, சினைப்பைப் புற்றோ வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அப்பா வழி உறவையும் சேர்த்து யோசியுங்கள், அந்த மரபணு அப்பாவிடமிருந்தும் வரும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும் உங்கள் வயதுக்கு இந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்பது நியாயம்தான். முடிவு வர நாளாகும், ஆகவே முடிவெடுக்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். அதில் கோளாறு தெரிந்தால் இந்தக் கடிதத்தில் நான் சொல்லும் பலவற்றை உங்கள் மருத்துவரோடு மறுபடி உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அது உங்கள் அக்காவுக்கும் தேவைப்படும் தகவல்.

மார்பைக் காக்கும் ஆபரேஷன் எல்லோருக்கும் பொருந்தாது. மார்பின் பல பகுதிகளில் நோய் பரவலாக இருந்தால், மேமோகிராமில் சந்தேகத்துக்குரிய சுண்ணாம்புப் புள்ளிகள் பெரிய பரப்பில் சிதறியிருந்தால், நெஞ்சில் முன்பே ரேடியேஷன் வாங்கியிருந்தால், தோல் இறுகிப்போகும் ஸ்க்ளீரோடெர்மா போன்ற நோய் இருந்தால், கர்ப்பத்தின் தொடக்கத்தில் இருந்தால், முழுதாக எடுப்பதே வழியாகும். உங்கள் சர்ஜன் இரண்டையும் முன்வைத்தார் என்றால் இவற்றில் எதுவும் உங்களுக்கு இல்லை என்று அவர் பார்த்திருப்பார். ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டு ஆபரேஷனும் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

கட்டியை மட்டும் எடுக்கும்போது, அதைச் சுற்றி நல்ல திசுவும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும்படி வெட்டி எடுப்போம். வெளியே எடுத்த துண்டு எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் வெளியே என்று தெரிவதற்கு அதில் நூல் கட்டுவோம். மேல்பக்கம் குட்டை நூல், வெளிப்பக்கம் நீள நூல் என்று கட்டுவது பரவலான வழக்கம். பேத்தாலஜி அறையில் அந்தத் துண்டின் வெளிப்பரப்பு முழுதும் மை பூசுவார்கள், பக்கத்துக்கு ஒரு நிறம். பிறகு மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மை பட்ட விளிம்பில் புற்றுநோய் செல் இல்லை என்றால் போதும், சுத்தமாக எடுத்தாகிவிட்டது. விளிம்பில் செல் தொட்டுக்கொண்டிருந்தால் உள்ளே மிச்சம் இருக்கலாம் என்று பொருள். அப்போது மறுபடி ஒரு சிறிய ஆபரேஷன். ஐந்து பேரில் ஒருவருக்கு இப்படி ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவமனைக்கு மருத்துவமனை இது மாறும். இரண்டாவது தடவை கூப்பிட்டால் "நோய் பரவிவிட்டது" என்று இடிந்துபோகாதீர்கள். விளிம்பைச் சுத்தம் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

வடிவம் எப்படி இருக்கும் என்பது கட்டியின் அளவையும் மார்பின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். பெரிய மார்பில் 1.8 சென்டிமீட்டர் எடுத்தது தெரியாமலே போகலாம், மிகச் சிறிய மார்பில் பள்ளம் விழலாம். பக்கத்துத் திசுவை நகர்த்திப் பள்ளத்தை நிரப்பும் முறைகள் இருக்கின்றன. உங்கள் சர்ஜனுக்கு அதில் பழக்கம் உண்டா என்று கூசாமல் கேளுங்கள்.

முழுதாக எடுத்தால் மார்புத் திசு, பெரும்பாலும் முலைக்காம்பும் சேர்ந்து போகும். தோலையும் காம்பையும் விட்டுவைத்து எடுக்கும் முறை தகுந்தவர்களுக்கு உண்டு. தோலுக்கு அடியில் ஒன்றிரண்டு குழாய் வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதன் முனையில் இருக்கும் பையில் சேரும் நீரைத் தினமும் அளந்து குறித்துக்கொண்டு வர வேண்டும். முதல் நாட்களில் சிவப்பாக வரும், பிறகு வெளிறி மஞ்சளாகும், அளவும் குறையும். நன்றாகக் குறைந்த பிறகு குழாயை எடுப்பார்கள். வலியைவிட இந்தக் குழாயோடு தூங்குவதும் குளிப்பதும்தான் தொல்லை என்று பலர் சொல்வார்கள்.

பலரிடம் முன்கூட்டியே சொல்லப்படாத விஷயம் ஒன்று உண்டு. மார்பை எடுத்த இடத்தில் தோல் பெரும்பாலும் மரத்துப்போகும், அந்த மரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடலாம். புதிய மார்பு அமைத்துக்கொண்டாலும், அதற்கு வடிவம் வருமே தவிர பழைய தொடு உணர்ச்சி பெரும்பாலும் வராது. சிலிக்கோன் இம்ப்ளான்ட் வைக்கலாம், அது ஆயுளுக்கும் நிற்பது இல்லை, பின்னால் மாற்ற வேண்டி வரலாம். ரேடியேஷன் சேர்ந்தால் அதைச் சுற்றி உடம்பு போடும் உறை இறுகி வலிக்கும் வாய்ப்பு கூடுகிறது. வயிற்றிலிருந்து கொழுப்பும் தோலும் ரத்தக்குழாயோடு எடுத்து மார்பாக அமைப்பது இன்னொரு வழி. அது இயல்பாக இருக்கும், உங்களோடு சேர்ந்தே எடை கூடிக் குறையும். ஆனால் பல மணி நேர ஆபரேஷன், வயிற்றிலும் தழும்பு. எதுவும் வேண்டாம், தட்டையாகவே இருக்கட்டும் என்று சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படியென்றால் மடிப்பும் தொங்கலும் இல்லாமல் தட்டையாகத் தைத்துத் தரும்படி முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், "பின்னால் மனம் மாறினால் உதவும்" என்று தோலை மிச்சம் வைத்துத் தைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எந்த ஆபரேஷனாக இருந்தாலும் அக்குளைப் பார்க்கும் வேலை ஒன்றுதான். மார்பில் நீலச் சாயமோ கதிர் மருந்தோ ஊசியில் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் ஒன்று முதல் மூன்று முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பரிசோதிப்பார்கள். அவற்றில் நோய் இல்லை என்றால் மற்றவற்றைத் தொட மாட்டார்கள். அக்குளை மொத்தமாகச் சுரண்டி எடுத்த காலத்தில் கை வீக்கம் நிறையப் பேரை வாட்டியது, இந்த முறையில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. நீலச் சாயம் போட்டால் ஓரிரு நாள் சிறுநீர் நீலப்பச்சையாகப் போகும், பயந்துவிடாதீர்கள்.

நான் எந்தப் பக்கம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் நழுவக் கூடாது. மரபணுப் பரிசோதனையில் கோளாறு இல்லை, மேமோகிராமில் வேறு இடத்தில் நோய் இல்லை என்று உறுதியானால், கடிதத்தில் உள்ள விவரத்தை வைத்து, கட்டியை எடுத்து ரேடியேஷன் வாங்கிக்கொள்வதைத்தான் உங்களுக்கு முதலில் சொல்வேன். அது சிறிய ஆபரேஷன், சீக்கிரம் எழுந்து நடமாடலாம், உணர்ச்சி மிச்சமிருக்கும். எல்லாவற்றையும்விட, இன்று கட்டியை மட்டும் எடுத்துவிட்டு நாளை தேவைப்பட்டால் மார்பை எடுக்கலாம். எடுத்த மார்பைத் திரும்ப வைக்க முடியாது.

அதற்காக முழுதாக எடுக்கத் தீர்மானிக்கும் பெண்கள் தவறு செய்கிறார்கள் என்று ஒருபோதும் நினைக்க மாட்டேன். என்னிடம் வந்த ஒருவர், படுக்கையில் கிடக்கும் தாயைத் தனியாகக் கவனித்துக்கொண்டிருந்தவர், எல்லாம் கேட்டுவிட்டு, "ரேடியேஷனுக்குத் தினமும் அலைய என்னால் முடியாது. வருடா வருடம் மேமோகிராம் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற அந்த மூன்று நாளையும் என்னால் தாங்க முடியாது. எடுத்துவிடுங்கள்" என்றார். அவர் தன்னை அறிந்து சொன்னார். ஒரு கேள்விகூட மறுத்துக் கேட்காமல் செய்தேன். உங்களுக்கும் இப்படிப்பட்ட காரணம் இருந்தால் அது போதுமான காரணம். கீமோ தப்பும் என்றோ, ஆயுள் கூடும் என்றோ, பயமே இருக்காது என்றோ நினைத்து எடுக்காதீர்கள் என்பதுதான் நான் கேட்டுக்கொள்வது. ஒரு பக்கம் எடுத்தவர்களும் மறுபக்கத்துக்கு மேமோகிராம் எடுக்க வரத்தான் செய்கிறார்கள், அன்றைக்கு அவர்கள் கையும் சில்லிட்டுத்தான் இருக்கிறது.

"டாக்டருக்கே தெரியாததை நான் எப்படி?" என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வி உங்கள் கைக்கு வந்ததே பெரிய போராட்டத்தின் பலன். 1970-களில்கூட, பயாப்ஸிக்கு மயக்க மருந்து கொடுத்து, புற்றுநோய் என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பை எடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. கண் விழித்த பிறகு தொட்டுப் பார்த்துத்தான் பெண்ணுக்கு விஷயம் தெரியும். ரோஸ் குஷ்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் தனக்கு 1974-ல் நோய் வந்தபோது அதற்குச் சம்மதிக்கவில்லை. எழுதினார், கூட்டங்களில் எழுந்து மருத்துவர்களைக் கேள்வி கேட்டார். 1979-ல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் கூட்டிய குழுவில் அவரும் உறுப்பினர். பயாப்ஸி தனி, ஆபரேஷன் தனி, நடுவில் பெண்ணுக்கு யோசிக்க நேரம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. நீங்கள் கேட்கத் தயங்கும் அந்த இரண்டு மூன்று வாரம் அப்படி வந்ததுதான்.

சரியாக விளக்கினால் பெண்களால் நன்றாகவே முடிவெடுக்க முடியும் என்பதும் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். கனடாவில், இரண்டு ஆபரேஷனின் நன்மை தீமைகளை ஒரு பலகையில் வரிசையாக வைத்துக் காட்டி விளக்கினார்கள். 2004-ல் வந்த அந்த ஆய்வின்படி, பலகையைப் பார்த்த பெண்களுக்கு விஷயம் கூடுதலாகப் புரிந்தது, தடுமாற்றம் குறைந்தது. அவர்களில் 94 சதவீதம் பேர் மார்பைக் காக்கும் ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தார்கள். வழக்கமான முறையில் பேசப்பட்டவர்களில் 76 சதவீதம் பேர்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. "உன் இஷ்டம்" என்பதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏதாவது சொல்லி அது உங்களைக் காயப்படுத்திவிடுமோ, தான் சொன்னபடி செய்து பின்னால் ஏதாவது ஆகிவிடுமோ என்று வாயடைத்துப் போகிற கணவர்களை நிறையப் பார்க்கிறேன். "முடிவை நான் எடுக்கிறேன், ஆனால் நான் பேசும்போது நீங்கள் கேட்க வேண்டும், டாக்டரிடம் வரும்போது சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும்" என்று அவருக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். அக்காவையும் அழைத்துப் போங்கள். வீட்டில் நீங்கள் நூறு தடவை சொல்லிப் புரியாதது, சர்ஜன் வாயால் ஒரு தடவை கேட்டால் புரியும்.

அடுத்த முறை போகும்போது இவற்றை எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்கள்: கட்டியை எடுத்தபின் என் மார்பு எப்படி இருக்கும், உங்களிடம் செய்துகொண்டவர்களின் படம் காட்ட முடியுமா? மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டி வருவது உங்களிடம் எத்தனை பேருக்கு? எனக்கு ரேடியேஷன் எத்தனை தடவை, ஆபரேஷனுக்கு முன்பே அந்த டாக்டரைப் பார்க்க முடியுமா? மரபணுப் பரிசோதனை எப்போது? முழுதாக எடுத்தால் அதே மயக்கத்தில் புது மார்பு அமைக்க முடியுமா, பின்னால் ரேடியேஷன் தேவைப்பட்டால் அது என்னாகும்? எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், எதற்காக, அதில் என்ன தெரிந்தால் முடிவு மாறும் என்றும் கேளுங்கள். எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை. சில நேரம் ஒன்றுமில்லாத புள்ளியைக் காட்டி, கூடுதல் பயாப்ஸிக்கும் தேவையில்லாத பெரிய ஆபரேஷனுக்கும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பேத்தாலஜி ரிப்போர்ட்டின் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். இன்னொரு மருத்துவரைப் பார்ப்பதாக இருந்தால் அதையும் மேமோகிராம் படங்களையும் பயாப்ஸி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், புதிதாக எல்லாம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். மரபணு முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.